அரவான் எத்தனை முறை செத்தான்?

‘எக்ஸ்-மென்: தி லாஸ்ட் ஸ்டாண்ட்’ (2006) படத்தில் பேராசிரியர் சேவியரின் உடல் நம் கண்ணெதிரே தூள்தூளாகிறது. 2014இல் வந்த ‘டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ படத்தில் அதே மனிதர் அதே முகத்தோடு வந்து உட்காருகிறார். எப்படிப் பிழைத்தார்? படம் வாயைத் திறக்கவில்லை. முந்தைய படத்தின் பெயர்ப்பட்டியலுக்குப் பிறகு வரும் துண்டுக் காட்சியில், அவர் மனம் வேறோர் உடலுக்குள் போய்விட்டதாக ஒரு சாடை உண்டு. மீதியை ரசிகர்களே கட்டிக்கொண்டார்கள். ‘கைதி’யையும் ‘விக்ரம்’ படத்தையும் ‘லியோ’வையும் கோத்து வைத்துக்கொண்டு ‘லாஜிக் இடிக்குதே’ என்று டீக்கடையில் மல்லுக்கட்டும் நம்மூர்ப் பிள்ளைகள் செய்வதும் இதே வேலைதான்.

செத்தவன் வந்து சண்டை போடும் இந்த ஓட்டைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு மூத்த அண்ணன் இருக்கிறது. வயது ஆயிரத்துச் சொச்சம்.

அது பிறந்த இடம் மகாபாரதம். ஆனால் வடமொழி மூலத்தில் ஓட்டை கிடையாது. அர்ச்சுனனுக்கும் நாக கன்னிகை உலூபிக்கும் பிறந்த இராவான் போருக்கு வருகிறான். எட்டாம் நாள் அலம்புசன் என்னும் அரக்கனோடு மோதுகிறான். இவன் பாம்புகளைத் துணைக்கு அழைக்க, அரக்கன் கருடனாக மாறி அவற்றைத் தின்றுவிட்டு இவன் தலையை வெட்டுகிறான். பீஷ்ம பருவத்தில் வந்துபோகும் ஒரு கிளைப்பாத்திரம், அவ்வளவுதான்.

9ஆம் நூற்றாண்டில், மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் காலத்துப் பெருந்தேவனார் பாரத வெண்பா பாடியபோது விஷயம் மாறுகிறது. போர் தொடங்குமுன் காளிக்குக் களப்பலி கொடுக்க வேண்டும், கொடுத்தவனுக்கு வெற்றி. பலியாள் அந்த இராவான்தான், தமிழில் அரவான். மூலத்தில் இல்லாத இந்தக் காட்சி தமிழில் மட்டும் ஏன் முளைத்தது? காரணம் மண்ணில் இருக்கிறது என்பேன். கொற்றவை முன் தன் தலையைத் தானே அரியும் வீரனை மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்தின் உள்சுவரிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பழகிய கூட்டத்துக்குப் பலி கேட்காத போர் போராகவே பட்டிருக்காது.

பலி வந்ததும் சிக்கலும் கூடவே வந்தது. அமாவாசையன்று பலியானவன் எட்டாம் நாள் எப்படிச் சண்டை போட்டான்? மூலக்கதையின் எட்டாம் நாளைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வரவில்லை. ஆகவே வரம் கொண்டுவந்தார்கள்: களத்தில் போரிட்டு வீரனாகச் சாக வேண்டும் என்று அரவான் கண்ணனிடம் கேட்டான், கிடைத்தது. 1400ஐ ஒட்டி வாழ்ந்த வில்லிபுத்தூராரும் களப்பலியை வைத்துக்கொண்டார், எட்டாம் நாள் சாவையும் வைத்துக்கொண்டார்.

ஒட்டுப் போட்ட இடத்தில் இன்னோர் ஓட்டை விழுவது இத்தொழிலின் இயல்பு. பலிக்கு நாள் குறித்துத் தரும்படி துரியோதனன் சகாதேவனிடமே போய் நிற்க, அவனும் நேர்மையாக அமாவாசையைச் சொல்லிவிடுகிறான். கதை மாட்டிக்கொண்டது. கண்ணன் ஒரு நாள் முன்னதாகவே தர்ப்பணம் செய்ய உட்காருகிறான். பதறிப்போன சூரியனும் சந்திரனும் ஒன்றாக ஓடிவந்து காரணம் கேட்க, ‘இருவரும் சேர்ந்துவிட்டீர்களே, இதுதான் அமாவாசை’ என்கிறான். 1978இல் சூப்பர்மேன் பூமியையே திருப்பிச் சுற்றவிட்டுக் காலத்தைப் பின்னுக்கு இழுத்தாரே, அதைவிட இது சிக்கனம். போதாயன அமாவாசை என்று பஞ்சாங்கத்தில் போடுகிறார்களே, அதற்கு இந்தக் கதையைக் காரணம் சொல்பவர்கள் இன்றும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த ஒட்டு கூத்து மரபில் இருக்கிறது. அரவான் தன் உடலில் முப்பத்திரண்டு இடங்களில் சதையை அரிந்து காளிக்கு வைத்துவிட்டான், மிச்சம் எலும்புக்கூடு. அதைத் தாய்வழி உறவான பாம்புகள் சுற்றிப் பிடித்துக்கொள்ள, எழுந்து போருக்குப் போகிறான். எட்டாம் நாள் அலம்புசன் கருடனாக வந்ததும் பாம்புகள் மிரண்டு ஓடுகின்றன, இவன் சாய்கிறான். மூலத்தில் இருந்த பாம்பும் கருடனும் வீணாகவில்லை, பலியும் நிற்கிறது. எந்த ஹாலிவுட் எழுத்தறையும் பொறாமைப்படும் வேலை இது.

தலை மட்டும் தனிக்கதை. பதினெட்டு நாள் போரையும் பார்க்கும் வரமும் அவனுக்கு உண்டு என்பார்கள். எட்டாம் நாள் செத்தவன் பதினெட்டாம் நாளை எப்படிப் பார்ப்பான்? வெட்டுண்ட தலைக்குக் கண் திறந்தே இருந்தது என்று முடித்தார்கள். ராஜஸ்தானில் காட்டு ஷ்யாம் என வணங்கப்படும் பார்பரீகனின் தலையும் இப்படிப் போர் பார்த்த தலைதான்.

இந்தக் கதை வந்து குடியேறிய ஊர் கூவாகம். உளுந்தூர்பேட்டைப் பக்கம், 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டம். கூவாகத்தில் கடைசி ஒட்டு போடப்பட்டது: மணமாகாமல் சாகக் கூடாது என்று அரவான் கேட்க, மறுநாள் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்? கண்ணனே மோகினியானான். சித்திரையில் பதினெட்டு நாள் விழா. திருநங்கையரும், வேண்டுதல் உள்ள ஊர் ஆண்களும் அரவானாகிய கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேர் ஓடியபின் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைப் புடவை கட்டி ஒப்பாரி வைக்கிறார்கள். கதைப்படி பலி அமாவாசையில். இங்கே தாலி அறுப்பதோ சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி. இந்த இடிப்பை அங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை.

மார்வெல் காமிக்ஸில் 1960களில் ஸ்டான் லீ ஒரு விளையாட்டு வைத்திருந்தார்: கதையில் தவறு கண்டு, அது ஏன் தவறில்லை என்றும் விளக்குகிற வாசகருக்கு ‘நோ-பிரைஸ்’ என்று வெறும் உறையை அனுப்புவார்கள். ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ (2019) முடிவில் கேப்டன் அமெரிக்கா எந்தக் காலவரிசையில் வாழ்ந்து கிழவரானார் என்பதற்கு, படத்தை இயக்கியவர்கள் ஒரு பதிலும் எழுதியவர்கள் வேறொரு பதிலும் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போயிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வில்லியும் கூத்து வாத்தியார்களும்கூட ஒத்துப்போனதில்லை.

‘அரவான் களப்பலி’ கூத்து எங்காவது நடந்தால் விடியும்வரை உட்கார்ந்து பாருங்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வரும் நேரத்தில் மட்டும் கண்ணயர்ந்துவிடாதீர்கள். உங்கள் மனதில் இருக்கும் கேள்வியை அவன்தான் கேட்பான்.