ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் இல்லாத குளம்

1997இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ கணினி விளையாட்டை நம் பிள்ளைகள் சிலர் இன்றும் விடவில்லை. எகிப்து, பாபிலோன், கிரேக்கம் எல்லாம் அதனால் அவர்களுக்கு அத்துப்படி. வரலாறு படிப்பிக்கும் நமக்கு அது உதவிதான்.

ஆனால் அங்கே அரசை வளர்க்க உணவு, மரம், கல், பொன் போதும். 75 மரம் கொடுத்தால் வெறுந்தரையிலும் வயல் வந்துவிடும். தண்ணீர்க் கணக்கே இல்லை! நைல் நதியால் வாழ்ந்த எகிப்துக்கும் இதே கதைதான்.

வன்னியில் மாரி மழையைத் தேக்காமல் வயல் ஏது? முல்லைத்தீவு மாவட்டத்து வவுனிக்குளம் எல்லாளன் கட்டியது என்றொரு கருத்து உண்டு. நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்த ஹென்றி பாக்கர், 1909இல் வெளியான தன் நூலில், இலங்கையின் பழைய குளங்களில் உள்ள பிசோகொட்டுவவைப் பற்றி விரிவாக எழுதினார். குளக்கட்டுக்குள் சதுரக் கிணறுபோல் இருக்கும். வெளியேறும் நீரை அடக்கி விடும். பாடநூலிலும் அது இருக்கிறது. பிள்ளைகளின் மனதில் நிற்பதோ எல்லாளன், துட்டகைமுனு சண்டைதான்.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்தபின் திரும்பி வந்த நமக்கு இது புதிதல்ல. பற்றைக்காட்டை வெட்டினோம், வரம்பும் கட்டினோம். குளம் திருத்தும்வரை விதைக்க முடியவில்லை.