பள்ளி மாறிய பருவம்: 1988 ஹாரிஸ் ஷீல்டு

1988 பிப்ரவரியில் பம்பாய் ஆசாத் மைதானத்தில் நடந்த, பள்ளிகளுக்கிடையிலான ஹாரிஸ் ஷீல்டு அரையிறுதியைப் பற்றிப் பேசாத கிரிக்கெட் ரசிகர் இல்லை. தாதரின் சாரதாஷ்ரம் வித்யாமந்திர் இரண்டே விக்கெட்டுக்கு 748 ரன் குவித்து டிக்ளேர் செய்தது. பதினைந்து வயது நிரம்பாத சச்சின் டெண்டுல்கர் 326, பதினாறு வயது வினோத் காம்ப்ளி 349. இருவரும் ஆட்டமிழக்கவில்லை, ஜோடியாகச் சேர்த்தது 664. பிறவி மேதைகள் இருவரின் கதையாகவே இது ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. மேதைமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தின் அட்டையை நிதானமாகப் படித்தால் இன்னொரு வரலாறும் தெரியும். படிக்கும் பள்ளிக்காக விளையாடிய காலம் முடிந்து, விளையாடுவதற்காகப் பள்ளியைத் தேடிச் சேரும் காலம் பம்பாயில் வேரூன்றிவிட்டதற்கு அந்தப் பருவமே தெளிவான சாட்சி.

ஹாரிஸ் ஷீல்டு 1897இல் தொடங்கியது. பம்பாய் மாகாண ஆளுநராக இருந்த ஹாரிஸ் பிரபுவின் பெயர் அதற்கு. சிறுவர்களுக்கான கைல்ஸ் ஷீல்டு 1901இல் வந்தது. பல தலைமுறைகளுக்கு இவை பள்ளிகளின் மானப் பிரச்சினையாகவே இருந்தன. 1988இல் தோற்ற அணி எது என்று பாருங்கள்: தார்தேவில் வளர்ந்த சுனில் கவாஸ்கர் படித்த அதே செயின்ட் சேவியர்ஸ். கவாஸ்கர் 1966இல் இந்தியாவின் சிறந்த பள்ளி வீரராகத் தேர்வானது அந்தப் பள்ளியின் மாணவராகத்தான். திலீப் வெங்சர்க்கார் தாதரின் கிங் ஜார்ஜ் பள்ளியில் படித்து வந்தவர். டெண்டுல்கரின் பாதை வேறு. பாந்த்ரா கிழக்கில் படித்துக்கொண்டிருந்த பையனைப் பயிற்சியாளர் ரமாகாந்த் ஆச்ரேக்கர் சாரதாஷ்ரமத்துக்கு மாறச் சொன்னார், காரணம் கிரிக்கெட். போக வர நேரம் வீணாகாமலிருக்க அவன் சிவாஜி பார்க் அருகே சித்தி வீட்டுக்கே குடிபெயர்ந்தான். காம்ப்ளி காஞ்சூர்மார்கிலிருந்து ரயிலேறி வந்தவர். அந்த அணியை ஒன்றுசேர்த்தது வகுப்பறை அல்ல, சிவாஜி பார்க்கில் ஆச்ரேக்கர் நடத்திய பயிற்சி முகாம். டிக்ளேர் செய்யும் முடிவே மதிய இடைவேளையில் தொலைபேசி வழியாக அவர் சொல்லித்தான் வந்தது. மைதானத்தில் தலைவன் டெண்டுல்கர், அதிகாரம் வேறிடத்தில்.

இதே ஏற்பாட்டை அமெரிக்கா ஒளிவுமறைவில்லாமல் நடத்துகிறது. அங்கே இரண்டாண்டுப் படிப்புள்ள ஜூனியர் கல்லூரிகளுக்கென்று 1938 முதலே தனி விளையாட்டுச் சங்கம் உண்டு. பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவர்களும் அங்கிருந்து வெளியேற நேர்ந்தவர்களும் ஒன்றிரண்டு பருவம் ஜூனியர் கல்லூரியில் ஆடி, மீண்டும் மேலே போகிறார்கள். அமெரிக்கக் கால்பந்து வீரர் கேம் நியூட்டன் 2009இல் டெக்சாஸின் பிளின் கல்லூரிக்கு ஆடி, ஜூனியர் கல்லூரிகளின் தேசியப் பட்டத்தை வென்றுகொடுத்தார். அடுத்த ஆண்டே ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் பெரிய பட்டம். ஒரே ஒரு பருவத்துக்காக ஒரு கல்லூரி. அங்கே அது எல்லோரும் அறிந்து செய்யும் ஒப்பந்தம். பம்பாயிலோ பள்ளியின் பெயர் சட்டையில் இருந்ததால், அது பள்ளியின் சாதனை என்றே எண்ணிக்கொண்டோம்.

சேவியர்ஸ் சோப்ளாங்கி அணி இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பின்னாளில் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடிய சாய்ராஜ் பஹுதுலே அந்த அணியில் பந்துவீசியவர். ஆனால் ஒரு நல்ல பந்துவீச்சாளரால் முகாம் ஒன்றை எதிர்க்க முடியாது. சேவியர்ஸ் 145க்குச் சுருண்டது. காம்ப்ளியே 37 ரன் கொடுத்து ஆறு விக்கெட் எடுத்தார். டெண்டுல்கர் அந்தப் போட்டித் தொடரில் எடுத்தவை 21, 125, 207, 326, 346. ஒரே ஒருமுறைதான் ஆட்டமிழந்தார், சராசரி 1025. போட்டி என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கும் இடத்தில் இப்படியொரு சராசரி வராது. ஏற்றத்தாழ்வு சாரதாஷ்ரமத்துக்குள்ளேயும் இருந்தது. அடுத்து இறங்க வேண்டிய அமோல் முஜும்தார் கால்காப்பு கட்டியபடி அந்த இணையாட்டம் முழுவதும் காத்திருந்தார். முதல்தர ஆட்டங்களில் பதினோராயிரத்துக்கும் மேல் ரன் எடுத்தும் இந்தியாவுக்கு ஆட அவருக்கு வாய்ப்பு வரவே இல்லை. 2025 நவம்பரில் நவி மும்பை நெரூலில் உலகக் கோப்பையை வென்ற இந்தியப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் அவர்தான். பள்ளிப் பருவத்து எண்களை வைத்துத் தகுதியை எடைபோடுவது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வலுவான மறுப்பு இன்னொன்று. பள்ளி மாறும் வழி இல்லாவிட்டால் காஞ்சூர்மார்க் குடிசைப் பகுதிப் பையனுக்கு யார் பயிற்சி கொடுத்திருப்பார்கள்? இதை நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆச்ரேக்கர் சாதியும் பணமும் பார்த்திருந்தால் காம்ப்ளி என்ற ஆட்டக்காரர் கிடைத்திருக்க மாட்டார். ஆனால் அந்தக் கதவு தாதர் வரை வந்து சேர முடிந்தவர்களுக்குத்தான் திறந்தது. காஞ்சூர்மார்கில் ரயில் நிலையம் இருந்தது. தாணே கழிமுகத்தின் எதிர்க்கரையில் இருக்கும் ஐரோலிக்கு அன்று முலுண்ட் பாலமும் இல்லை. தாணே–வாஷி ரயில் ஓடத் தொடங்கியதே 2004இல்தான். அக்கரைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் திறமை இருந்தது என்று எந்த அட்டையிலும் பதிவாகியிருக்காது. ஒரு சில பள்ளிகளில் ஆற்றல் குவியக் குவிய, மற்றப் பள்ளிகள் போட்டியைச் சடங்காக ஆடத் தொடங்கின.

அதன் பிறகு வந்த இமாலய எண்களைப் பாருங்கள். சர்ஃபராஸ் கான் 439, அர்மான் ஜாஃபர் 498, 2013இல் பிருத்வி ஷா 546. மூன்றுமே பாந்த்ராவின் ரிஸ்வி ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஒரே பள்ளிக்காக அடிக்கப்பட்டவை. மூவரும் உயர்ந்த ஆட்டக்காரர்கள். ஆனால் ஒரே வாசலில் இத்தனை பேர் தற்செயலாக வந்து நிற்பதில்லை. 2016 ஜனவரியில் இந்த இடைவெளி நகரத்தைத் தாண்டிக் கல்யாணுக்கும் வந்துவிட்டது. பண்டாரி கோப்பையில் கே.சி. காந்தி பள்ளியின் பிரணவ் தனவாடே 1009 ரன் எடுத்து, 1899இல் இங்கிலாந்துப் பள்ளிச் சிறுவன் காலின்ஸ் எடுத்த 628ஐ முறியடித்தார். அணியின் மொத்தம் மூன்று விக்கெட்டுக்கு 1465. எதிரணி எடுத்தவை 31, 52. உலகம் முதல் எண்ணைக் கொண்டாடியது. அந்த 31க்கும் 52க்கும் ஆளான பிள்ளைகளுக்குப் பந்துவீசக் கற்றுக்கொடுக்க யார் இருந்தார்கள் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். 1988இலும் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.