நீரும் நீச்சலும் நம் சமுதாயமும்

வெள்ளி விழாக் காணும் ஒரு கல்விச் சங்கத்தின் மலரில் நீச்சலைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். பள்ளி, விடுதி, உதவித்தொகை, தேர்வு என்பனவே கல்வி வரலாற்றின் தலைப்புகள் என்று எண்ணி நாம் பழகிவிட்டோம். ஆயினும் எழுத்தறிவை நமக்கு மறுத்த அதே கைகள், அதே காலத்தில், மற்றொரு கல்வியையும் மறுத்தன. நீரில் அஞ்சாது இறங்கவும், மிதக்கவும், நீந்திக் கரையேறவும் அறிகின்ற கல்வி அது. முன்னதை மீட்பதற்குச் சங்கம் கண்டோம். பின்னதை இழந்தோம் என்பதையே மறந்துவிட்டோம்.

தமிழர்க்கு நீச்சல் புதிதன்று. புறநானூற்றின் 243ஆம் பாடலில் கோலூன்றித் தளர்ந்து நடக்கும் முதியவர் ஒருவர் தம் இளமையை எண்ணி ஏங்குகிறார். நீரை நோக்கித் தாழ்ந்த மருதக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் வியக்க மடுவில் குதித்து, அடியாழத்து மணலை அள்ளி வந்து காட்டிய நாள்கள் அவர் நினைவுக்கு வருகின்றன. வையையின் புதுப்புனலில் மதுரை மக்கள் ஆடிக் களித்ததைப் பரிபாடல் விரித்துரைக்கும். இவர்களுக்கெல்லாம் நீச்சல் கற்பித்த ஆசான் யார்? ஊர்க்குளத்துப் படித்துறைதான். தாய் துணி துவைக்கும்போது கடைசிப் படியில் கால் நனைக்கும் பிள்ளை, தந்தையோ தமையனோ வயிற்றின்கீழ்க் கை கொடுத்துத் தாங்கக் கையைக் காலை அடிக்கக் கற்கும். இடுப்பில் கட்டிய சுரைக்குடுக்கையோ, வெட்டிப் போட்ட வாழைத்தண்டோ அதைத் தாங்கும். பிற்காலத்தில் அவ்விடத்தை லாரி டியூப் பிடித்துக்கொண்டது. இரண்டே கோடையில் அப்பிள்ளை நடுக்குளம் சென்று திரும்பும். கட்டணம் இல்லை, சான்றிதழ் இல்லை. ஆனால் ஒன்று வேண்டும்: அப்படித்துறையில் இறங்க உரிமை வேண்டும்.

கல்லல் சூழ்ந்த செட்டிநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வடகிழக்குப் பருவமழை தருவதைத் தேக்கி வைத்து ஆண்டு முழுதும் வாழ வேண்டிய மண் இது. ஆகவே பாசனத்துக்குக் கண்மாய், குடிப்பதற்கு ஓர் ஊருணி, குளிப்பதற்கு ஓர் ஊருணி, கோயிலுக்குத் தெப்பக்குளம் என்று நம் முன்னோர் நீர்நிலைகளை வகுத்தனர். நகரத்தார் செம்புறாங்கல் அடுக்கிப் படிகட்டி எழுப்பிய ஊருணிகளை வெளியூரார் இன்றும் வியந்து பார்த்துச் செல்கின்றனர். வியக்கத் தக்கனவே. ஆனால் அப்படிகளில் யாருடைய கால் பட்டது, யாருடைய கால் படவில்லை என்பதை வழிகாட்டிகள் எடுத்துரைப்பதில்லை. சேரிக்கென ஒதுக்கிய பள்ளம், கண்மாயின் கடைக்கோடி ஓடை, அவையும் வறண்டால் குடத்தைத் தரையில் வைத்து விலகி நின்று எவரேனும் ஊற்றும்வரை காத்திருத்தல்: நம் பாட்டிமார் கண்ட நீர் வரலாறு இதுவே.

இதில் ஒரு முரண் உண்டு. இளைஞர்கள் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். பாண்டிநாட்டுப் பழைய கண்மாய்களில் குமிழித் தூம்பு என்றோர் அமைப்பு இருந்தது. கரையிலிருந்து தள்ளி, நீர்ப்பரப்புக்கு நடுவே இரு கற்றூண்கள் நிற்கும். அவற்றின் அடியில் நீர் புகும் துளையைக் கல் அடைத்திருக்கும். வயலுக்கு நீர் வேண்டுமாயின் ஒருவர் நீந்திச் சென்று, மூச்சடக்கி மூழ்கி, அவ்வடைப்பை எடுக்க வேண்டும். எடுத்த கணமே நீர் பேரிழுப்பாய்த் துளைக்குள் பாயும். அவ்விழுப்பில் சிக்கினால் உயிர் மீளாது. நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன், கம்புகட்டி என ஊருக்கொரு பெயரால் வழங்கிய மடைப்பணியும் நீர்ப்பங்கீடும் பெரிதும் நம்மவர் கையில் இருந்தன. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக் கண்மாய்களை ஆராய்ந்து டேவிட் மோஸ் என்னும் அறிஞர் 2003இல் வெளியிட்ட நூலிலும் இச்செய்தியைக் காணலாம். ஊருக்குச் சோறு வேண்டுமாயின் நம்மவர் நீரில் மூழ்கலாம்; தம் தாகத்துக்கும் குளியலுக்கும் படியிறங்கலாகாது! வேலைக்கென்றால் தீட்டில்லாத அதே உடம்பு, குளிப்பதற்கு இறங்கினால் தீட்டாயிற்று. நமக்கு நீச்சல் வராது என்று இன்று சொல்வோர் அந்த மடைக்காரரின் பெயரன்மாரைப் பார்த்தே அதனைச் சொல்கின்றனர்.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்வோம். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எந்த வகுப்பினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். அது நிறைவேறியது, அரசாணையும் வந்தது. அவ்வாணை வந்து ஆறே ஆண்டுகளில் நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்தது என்ன?

1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராய் இருந்த ஹட்டன், தம் சாதி பற்றிய நூலில் அதனைப் பதிவு செய்துள்ளார். 1930 டிசம்பரில் நாட்டார்கள் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். மீறியோரின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. கால்நடைகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. தேவேந்திரகுல வேளாளரும் அவற்றில் பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டனர். முழங்காலுக்குக் கீழ் ஆடை கூடாது, பொன்னகை கூடாது என்பன பலரும் அறிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாத மூன்றை இங்கே எடுத்துக்காட்ட விரும்புகிறோம். நம் பெண்கள் மண்குடத்தில்தான் நீர் எடுக்க வேண்டும். செம்பு, பித்தளைக் குடம் கூடாது. சும்மாட்டைத் துணியால் சுற்றாமல் வைக்கோலால்தான் சுற்ற வேண்டும். இஃது ஒன்று. நம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. இஃது இரண்டாவது. தமக்குரிய நிலத்தை மிராசுதாரருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிடில் அந்நிலத்துக்குப் பாசன நீர் விடப்படாது. இது மூன்றாவது. குடமும் ஏடும் மடைநீரும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. தலைமேல் வைக்கும் சும்மாடு வரை கண்காணித்தவர்கள், ஊருணியில் நம் பிள்ளைகள் குதித்து விளையாட விட்டிருப்பார்களா?

மராட்டியத்திலும் இதே நிலைதான். பொது நீர்நிலைகளைத் திறந்துவிடும் தீர்மானம் 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மகாடு நகராட்சியும் சவுதார் குளத்தைத் தாளில் திறந்துவிட்டது. எனினும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று அந்நீரை அள்ளிப் பருகும்வரை அது தாளிலேயே இருந்தது. பருகிய பின்னர்ச் சாணமும் கோமியமும் கலந்து குளத்தைத் “தூய்மை” செய்தனர். பம்பாய் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு நம் பக்கம் வர 1937ஆம் ஆண்டாயிற்று. சென்னை மாகாணத்தில் 1938இல் எம்.சி. இராஜா அவர்களின் முயற்சியால் சமூக இடையூறுகளை நீக்கும் சட்டம் வந்தது. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், குளிக்கும் படித்துறை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. குளிக்கும் படித்துறை என்ற அந்தத் தொடரை நாம் இருமுறை படிக்க வேண்டும். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976இல் அதுவே குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாயிற்று.

ஆனால் படித்துறையின் தடையை ஒரே நாளில் நீக்கலாம். நீச்சல் ஒரே நாளில் வந்துவிடாது. பிள்ளைக்குக் கற்பிக்கத் தந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தந்தையைப் படியில் இறங்கவே விடவில்லையெனில், மகனுக்கு அவர் கற்பிப்பது அச்சத்தை மட்டுமே. “தண்ணிப் பக்கம் போகாதே” என்னும் எச்சரிக்கை ஒரு காலத்தில் அடிபடாமல் காக்கும் அறிவுரையாய் இருந்தது. காரணம் மறைந்த பின்னும் எச்சரிக்கை மட்டும் குடும்பங்களில் தங்கிவிட்டது.

நாம் இதனைக் கற்பனையாகச் சொல்லவில்லை. கடல் கடந்த நாடு ஒன்றில் இதே கதை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் சிக்காகோ நகர ஏரிக்கரையில் கறுப்பர்க்கும் வெள்ளையர்க்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத எல்லை ஒன்று இருந்தது. 1919 ஜூலை 27 அன்று யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் மிதவையில் அவ்வெல்லையைக் கடந்துவிட்டான். கல்லெறிந்தனர், மூழ்கி இறந்தான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மாண்டனர். 1964இல் புளோரிடா மாநிலத்தில் ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து இறங்கியபோது, அதன் மேலாளர் குளத்தில் அமிலத்தை ஊற்றினார். தடைகள் வீழ்ந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னர், 2017இல் வெளியான ஓர் ஆய்வு, அந்நாட்டுக் கறுப்பினப் பிள்ளைகளில் நூற்றுக்கு 64 பேருக்கு நீச்சல் தெரியாது அல்லது மிகக் குறைவாகவே தெரியும் என்று காட்டிற்று. கறுப்பர் உடம்புக்கு நீச்சல் ஒவ்வாது என்று கதை கட்டியோரும் உண்டு. 2016 ஒலிம்பிக்கில் சிமோன் மானுவல் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்று அக்கதையை நீரிலேயே முடித்துவைத்தார்.

நம் நாட்டில், தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் 38,000க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்தனர். செய்தித்தாளில் நாம் காண்பது ஒரே மாதிரியான செய்திதான்: கைவிடப்பட்ட கல்குவாரி, மண் அள்ளிய கண்மாய்ப் பள்ளம், மூழ்கிய ஒரு பிள்ளை, காப்பாற்றக் குதித்து உடன் மூழ்கிய இன்னொரு பிள்ளை. நல்ல படித்துறை மறுக்கப்பட்டவர்கள் இறங்குவது இத்தகைய பள்ளங்களில்தான். படியில் ஆழம் படிப்படியாய் வரும். பள்ளத்தில் ஓரடி தள்ளினால் ஆளுயரம்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். 2004 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் ஆண்களைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு என்று ஆக்சுபாம் நிறுவனம் 2005இல் தெரிவித்தது. நீந்தவும் மரமேறவும் கற்காமல் வளர்த்ததையும் அதற்கொரு காரணமாக அது குறிப்பிட்டது. அப்பேரழிவுக்குப் பின்னர் இலங்கையின் தென்கரையில் பெண்களுக்கென்றே நீச்சல் பயிற்சிகள் தொடங்கப்பட்டன.

நமக்கு மிக நெருங்கிய முன்மாதிரி வங்கதேசம். அங்கும் ஊர்தோறும் குளங்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள். 2000க்குப் பிந்திய பத்தாண்டில் அங்கே தொடங்கிய திட்டத்தில் சலவைக்கல் பதித்த நீச்சல் குளம் எதுவும் கட்டவில்லை. ஊர்க்குளத்திலேயே மூங்கில் தட்டி கட்டி, ஆழத்தை வரையறுத்து, 4 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். 25 மீட்டர் நீந்த வேண்டும். 30 வினாடி மிதக்க வேண்டும். மூழ்குபவரைத் தாம் குதிக்காமல் கம்போ கயிறோ நீட்டிக் காக்கத் தெரிய வேண்டும். அவ்வளவே பாடம். பயின்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறத்தல் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் குறைந்ததென்று 2012இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

கல்லலில் இதனைச் செய்ய முடியாதா? முடியும். ஆனால் காலத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். நீச்சல் முகாம் என்றாலே மே மாத விடுமுறை என்று நினைக்கிறோம். அப்போது நம் ஊருணிகளில் சேறும் வெடிப்பும்தான் இருக்கும். பருவமழை முடிந்து நீர் நிறைந்து கிடப்பது அரையாண்டு விடுமுறையிலும் தைப்பொங்கலை ஒட்டியும். நமக்குரிய பள்ளிக்காலம் அதுவே. குடிநீர் ஊருணியில் கால் நனைப்பது எவர்க்கும் ஆகாது. குளிக்கும் ஊருணியே ஏற்றது. ஊராட்சியின் பொறுப்பிலுள்ள ஊருணியாயின் ஊராட்சி மன்றத்திடம் எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு, பகல் வெளிச்சத்தில், ஊரறிய இறங்க வேண்டும். ஒதுக்குப்புறப் பள்ளத்தைத் தேடிப் போவது பழைய வழக்கத்துக்கே திரும்புவதாகும். எச்சாதிப் பிள்ளை வந்து கேட்டாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விடியற்காலை ஒரு மணி நேரத்தைத் தாய்மார்க்கு ஒதுக்கலாம். சேலையோடு நீந்துவது காலைக் கட்டிப்போடும், சுடிதாரே போதும். நாற்பது வயதில் என்ன நீச்சல் என்று நாணுவோர்க்கு, முதியோர் கல்வி வகுப்பில் அறுபது வயதில் கையெழுத்துப் போடக் கற்றோரை நினைவூட்டலாம். நன்றாக நீந்தத் தெரிந்த நால்வர் எப்போதும் நீரிலேயே நிற்க வேண்டும். ஒரே வேளையில் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இறக்கலாகாது. முதல் வாரம் இடுப்பளவு நீரைத் தாண்டலாகாது. மூங்கிலும் கயிறும் ஊரிலேயே கிடைக்கும். பழைய லாரி டியூபைக் காரைக்குடியில் எந்தப் பஞ்சர் கடையில் கேட்டாலும் தருவார்கள்.