பொய் சொன்னவரின் சாட்சி

திருவக்கரைக் கல்மரங்களை முதலில் எழுதிவைத்த ஐரோப்பியர் 'எம். சொன்னரெட், 1781' என்று சுற்றுலாக் குறிப்புகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிவருகின்றன. அந்த 'எம்.' யாரென்று தேடப்போய்த்தான் இதில் மாட்டிக்கொண்டேன். அது தலைப்பெழுத்தே அல்ல, பிரெஞ்சுக்காரர்கள் 'திரு.' என்பதற்குப் போடும் 'மெஸ்யே'. ஆள், 1748இல் லியோனில் பிறந்த பியர் சொன்னரா. நம் சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் ஒட்டியிருப்பவரும் இவர்தான். 1781 அவருடைய கீழைப்பயணம் முடிந்த ஆண்டு. நூல் பாரிசில் அச்சேறியது 1782இல்.

சரி, சாட்சி நம்பத்தக்கவரா? 1776இல் வந்த நியூகினிப் பயண நூலில், கிழக்கு ஆஸ்திரேலியப் பறவையான குக்கபுராவை நியூகினியில் கண்டதாக அளந்திருக்கிறார். அந்தத் தீவில் அவர் கால் வைத்ததே இல்லை. பாடம் செய்த பறவை யாரிடமிருந்தோ கைமாறியிருக்க வேண்டும். அவர் சொன்னதை நம்பி வைத்த 'நோவேகினியே' என்ற அறிவியல் பெயர் இன்றுவரை மாறவில்லை. இப்படிப்பட்டவர் சொன்னால் கல்லையும் தட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

இரண்டாவது சாட்சி எழுத்துக்கூட்டலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். இன்றைய எழுத்தில் தேடினால் பழைய அட்டவணைகள் வாய் திறக்காது. 'ட்ரீவிக்கேரா' என்று போட்டதும் 1810ஆம் ஆண்டு 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' தொகுதி வந்து நின்றது: ஊர்ப் பக்கத்துக் கல்மரங்கள் பற்றி ஜான் வாரன் எழுதிய கட்டுரை. சென்னை வானாய்வு நிலையத்தைக் கவனித்தவர், கோலார்த் தங்கத்தைத் துருவியவர். அளந்து பார்க்காமல் எழுதும் ஆள் இல்லை.

மூன்றாவது சாட்சி கட்டைகளே. குனிந்து பார்த்தால் வளையங்கள் தெரிகின்றன, தட்டினால் கல்லோசை. கிளையுமில்லை, வேருமில்லை. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் உருட்டி வந்து மணலில் புதைத்தவை. சிலிக்கா ஊறி, மரம் கல்லானது. ஊரில் கேட்டால் வக்கராசுரன் எலும்பு என்பார்கள். அந்தக் கதையும் எனக்குப் பிடிக்கும்.

சொன்னராவின் பெயரில் மரபுநடைப் பாதை போடுவதானால் பொம்மையார்பாளையத்தில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே மழை அரித்த செம்மண் பள்ளங்களும் திருவக்கரையும் ஒரே கடலூர் மணற்கல் படிவம். முதலில் மண், அப்புறம் மரம். பாதைப் பலகையில் 'எம்.' போய் 'பியர்' வரட்டும். குக்கபுரா சங்கதியையும் மறைக்காமல் எழுதட்டும். வாரனுக்கும் இரண்டு வரி ஒதுக்க வேண்டும். 1830இல் அவர் இறந்ததும் பக்கத்துப் புதுச்சேரியில்தான்.