திடல் வீட்டுக்குள் வந்த கதை: கணினியா, கன்சோலா?

இந்தத் தலைப்பைக் கலந்துரையாடலுக்கு எடுத்துக்கொண்டபோது இளைஞர்கள்தான் அதிகம் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். முதலில் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கியவரோ ஐம்பது வயதைக் கடந்த ஒரு தந்தை. "மகன் காற்பந்து கேம் விளையாட கன்சோல் வேண்டும் என்கிறான். வீட்டில்தான் கணினி இருக்கிறதே, அதில் விளையாடக்கூடாதா? கணினி என்றால் பாடமாவது படிப்பான்" என்றார். அரங்கம் சிரித்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. நேரமின்மையால் அன்று விடுபட்டவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

முதல் திரை விளையாட்டுகளில் ஒன்று கணினியில்தான் பிறந்தது. 1958ஆம் ஆண்டு, அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள். வருகிறவர்களுக்குச் சலிப்புத் தட்டக்கூடாது என்று வில்லியம் ஹிகின்போதம் என்ற இயற்பியலாளர், பந்து பாயும் பாதையைக் கணக்கிடக்கூடிய ஒரு கணினியை அலைகாட்டித் திரையோடு இணைத்து டென்னிஸ் ஆட வைத்தார். மக்கள் வரிசை பிடித்து நின்று விளையாடினார்கள். அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. பின்னர் இயந்திரத்தையும் பிரித்துவிட்டார்கள்.

கணினி அன்று சாதாரண வீட்டுக்கு வரக்கூடிய பொருளல்ல. தொலைக்காட்சிப் பெட்டியோ இலட்சக்கணக்கான வீடுகளில் இருந்தது. அதைப் பார்ப்பதற்கு மட்டும்தானா பயன்படுத்துவது என்று யோசித்தவர் ரால்ஃப் பேர். சிறுவயதில் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். அவருடைய உழைப்பில் 1972இல் வெளிவந்த மேக்னாவாக்ஸ் ஒடிசிதான் வீட்டுக்கு வந்த முதல் கன்சோல். அதில் மேசைப்பந்து விளையாடலாம். ஆனால் புள்ளிக்கணக்கை ஆடுகிறவர்களே வைத்துக்கொள்ள வேண்டும்! அதே ஆண்டு அட்டாரி நிறுவனத்தின் 'பாங்' கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரமாக வந்தது. 1975இல் வீட்டுக்கும் வந்தது. ஆக, கணினி மேசையில், கன்சோல் வரவேற்பறையில் என்ற பிரிவினை அன்றே தொடங்கிவிட்டது. படத்தின் தரம், வேகம் என்று நம் இளைஞர்கள் வாதிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இயந்திரம் வீட்டின் எந்த மூலையில் இருந்தது என்பதுதான் பெரும்பகுதியைத் தீர்மானித்தது.

1988இல் 'ஜான் மேடன் ஃபுட்பால்' என்ற அமெரிக்கக் காற்பந்து விளையாட்டு ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. கணினியின் திறன் போதாததால் அணிக்கு 7 பேரை வைத்துச் சமாளிக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் நினைத்தார்கள். 11 பேர் இல்லாவிட்டால் அது ஆட்டமே இல்லை என்று பயிற்றுநர் மேடன் பிடிவாதமாக நின்றார். வேலை பல ஆண்டுகள் இழுத்தது. ஆனால் அது பெரும் வெற்றி பெற்றது 1990இல், சேகா கன்சோலுக்கு வந்த பிறகுதான். காரணம் எளிது. இரண்டு கன்ட்ரோலர்கள், ஒரு சோபா, பக்கத்தில் ஒரு நண்பன்.

கணினியில் ஒரே விசைப்பலகையைப் பங்கு போட்டு விளையாடியவர்களுக்கு இது புரியும். முழங்கை இடிக்கும். போதாததற்கு, பழைய விசைப்பலகைகளில் ஒரே நேரத்தில் பல விசைகளை அழுத்தினால் சிலவற்றைக் கணினி உணராது. நான் பந்தை உதைக்க விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் தம்பியின் ஆட்டக்காரன் நட்டநடுத் திடலில் நின்றுவிடுவான். எத்தனை சண்டை!

1993இல் வந்த முதல் 'ஃபிஃபா' விளையாட்டும் சேகாவில் தொடங்கி அடுத்த ஆண்டுதான் கணினிக்கு வந்தது. நம்மூரில் இன்றும் பலர் பெயர் சொல்லும் 'வின்னிங் இலெவன்' 1995இல் ஜப்பானில் பிளேஸ்டேஷனில் தொடங்கியது. அந்த வரிசை கணினியை எட்டியது 2003இல்தான், 'புரோ எவலூஷன் சாக்கர் 3' என்ற பெயரில். அதற்குள் இங்கே வீட்டுக்கு வீடு 'சிப்' பொருத்திய பிளேஸ்டேஷனும், இரவுச் சந்தையில் சில வெள்ளிக்கு வாங்கிய கள்ள சிடிகளும். பெருமைப்படும் விஷயமல்ல, ஆனால் நம்மூரில் கன்சோல் பரவிய கதையில் அதை மறைக்கவும் முடியாது.

கொரியாவில் கதையே வேறு. ஜப்பானியக் கலாசாரப் பொருள்களுக்கு அங்கிருந்த தடை 1998ஆம் ஆண்டு முதல்தான் படிப்படியாக நீங்கியது. அதனால் இளைஞர்கள் கணினி நிலையங்களில் குவிந்தார்கள். அங்கே தோன்றிய உலக இணைய விளையாட்டுப் போட்டியில் ஃபிஃபா ஆடப்பட்டது கணினியில். 2005இல் அதன் இறுதிச்சுற்று அண்டை நாடான சிங்கப்பூரில் நடந்தது. சீனா 2000இல் கன்சோல் விற்பனையையே தடைசெய்து 2014இல்தான் தளர்த்தியது. கன்சோலா கணினியா என்பதை அங்கெல்லாம் அரசாங்கம் முடிவு செய்தது.

கணினி வைத்திருப்போரை நிறுவனங்கள் அடிக்கடி மாற்றாந்தாய்ப் பிள்ளையாகவே நடத்தின. 2007க்குப் பிறகு மேடன் விளையாட்டு 11 ஆண்டுகள் கணினிக்கு வரவில்லை. 2013இல் 'ஃபிஃபா 14' புதிய கன்சோல்களுக்குப் புதிய தொழில்நுட்பத்தோடு வந்தபோது கணினிக்குக் கிடைத்தது பழையதே. கூடைப்பந்துக்கான 'என்பிஏ 2கே' வரிசையிலும் 2020 முதல் இதே கதை, 2024இல்தான் சரியானது.

ஆனால் கணினிக்கு ஒரு வலிமை உண்டு. 'கிரிக்கெட் 07'ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் வந்தது. அதன் பிறகு அந்த நிறுவனம் கிரிக்கெட் விளையாட்டைக் கணினிக்கோ கன்சோலுக்கோ தரவே இல்லை. ஐபிஎல் தொடங்கியதோ 2008இல். ஆனாலும் இரசிகர்கள் அதே விளையாட்டைக் கணினியில் பிரித்து, புதிய சட்டைகளையும் புதிய ஆட்டக்காரர்களையும் சேர்த்து, அதில் ஐபிஎல் அணிகளையே இறக்கிவிட்டார்கள். சம்பளம் வாங்காமல் செய்த வேலை! 2023இல் ஃபிஃபா பெயர் உரிமம் முடிந்து விளையாட்டு 'எஃப்சி 24' ஆனபோது, பழைய பதிப்புகள் இணையக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்தத் தந்தையைத் தேடிப் போனேன். "ஐயா, தம்பி வீட்டில் யாரோடு விளையாடுவான்?" என்று கேட்டேன். "தங்கச்சியோடதான்" என்றார். கன்சோல் என்ன விலை என்று விசாரித்தார். சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "கணினியிலேயே கன்ட்ரோலரைச் செருகி விளையாடலாமாமே?" என்றார்.

விளையாடலாம். இரண்டாக வாங்கச் சொல்லி அனுப்பினேன்.