‘சேவ் ஆஸ்’ பெட்டிக்குள் முந்நூறு ஆண்டுகள்

ஃபோட்டோஷாப்பில் வேலையை முடித்துப் படத்தைச் சேமிக்கப் போனால் ‘சேவ் ஆஸ்’ பெட்டி திறக்கிறது. ஜேபெக், பிஎன்ஜி, ஜிஃப், டிஃப் என்று ஒரு பட்டியல். நிறத்துக்கு எஸ்ஆர்ஜிபியா, அடோபி ஆர்ஜிபியா, சிஎம்ஒய்கேயா என்று இன்னொரு கேள்வி. கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவரிலிருந்து செய்தித்தாள் அலுவலகம் வரை எல்லோரும் பழகிய ஒன்றைச் சொடுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். இந்தப் பட்டியலை யாரும் ஒரே மூச்சில் திட்டமிட்டுப் போடவில்லை. காப்புரிமைத் தகராறும், நிதி மறுக்கப்பட்ட ஓர் ஆராய்ச்சியும், தப்பாகப் படிக்கப்பட்ட ஓர் ஆவணமும் சேர்ந்துதான் இதைப் போட்டன.

கதை அச்சகத்தில் தொடங்குகிறது. பிராங்க்ஃபர்ட்டில் 1667-இல் பிறந்த யாக்கோப் கிறிஸ்டோஃப் லெ புளோன் என்ற ஓவியர், நீலம், மஞ்சள், சிவப்பு என மூன்று தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்தினால் எல்லா நிறமும் கிடைத்துவிடும் என்று கண்டுபிடித்தார். 1719-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜார்ஜிடம் காப்புரிமையும் வாங்கினார். அதை வைத்துத் தொடங்கிய கம்பெனி நொடித்துப்போனது. பிழைப்புக்காக அவர் பாரிஸுக்குப் போக, அங்கே கொஞ்சகாலம் அவரிடம் வேலை பார்த்த கோத்தியே தகோத்தி, கறுப்பையும் சேர்த்து நாலு தகட்டு முறை தன் கண்டுபிடிப்பே என்று உரிமை கொண்டாடினார். லெ புளோனோ கறுப்புத் தகட்டை முன்பே பயன்படுத்திப் பார்த்திருந்தார். யாருடையதாக இருந்தாலும், சிவகாசி ஆஃப்செட் அச்சகங்களில் இன்று ஓடும் நாலு கலர் அந்த வம்சம்தான். சிஎம்ஒய்கே என்பது அதன் இன்றைய பெயர்.

மையைக் கலப்பது ஒன்று, ஒளியைக் கலப்பது வேறு. 1861 மே மாதம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் கிளர்க் மாக்ஸ்வெல் ஒரு கட்டம்போட்ட ரிப்பனின் படத்தைத் திரையில் காட்டினார். தாமஸ் சட்டன் அதைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே படமெடுத்திருந்தார். மூன்றையும் அதே வடிகட்டிகள் வழியே ஒரே இடத்தில் பாய்ச்சியதும் வண்ணப்படம் வந்துவிட்டது. நியாயப்படி வந்திருக்கவே கூடாது. அந்தக் காலத்துப் படத்தகட்டில் சிவப்பு ஒளி பதியாது. நூறு ஆண்டு கழித்து, 1961-இல், கோடாக்கின் ரால்ஃப் எவன்ஸ் குழு இதைத் திரும்பச் செய்துபார்த்து விடை கண்டது. ரிப்பனின் சிவப்புச் சாயம் புற ஊதாக் கதிரையும் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறது. சிவப்பு வடிகட்டி அதை உள்ளே விட, தகட்டில் பதிந்தது அதுதான். நம் கைப்பேசித் திரையில் எரியும் ஆர்ஜிபி, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியின் தயவில் மேடையேறியது.

சரி, சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு? 1920-களின் கடைசியில் இங்கிலாந்தில் டேவிட் ரைட் 10 பேரையும் ஜான் கில்ட் 7 பேரையும் உட்காரவைத்து, காட்டிய நிறத்துக்கு ஈடாக மூன்று விளக்கொளிகளைக் கலக்கச் சொன்னார்கள். அந்த 17 பேரின் கண்களிலிருந்து எடுத்த சராசரியைத்தான் 1931-இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் தர அளவாக ஏற்றது. உலகில் எந்தத் திரையின் நிறத்தை அளந்தாலும் இன்றும் அந்தச் சராசரியில் போய்த்தான் நிற்கிறது.

1957-இல் அமெரிக்கத் தர நிர்ணய அலுவலகத்தில் ரஸல் கிர்ஷ் தன் கைக்குழந்தையின் புகைப்படத்தை 176-க்கு 176 கட்டங்களாக்கிக் கணினிக்குள் ஏற்றினார். அதோடு படம் எண்களாகிவிட்டது. எண்கள் பெருகப் பெருக, எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்ற பிரச்சினை வந்தது.

அதற்கு வழி சொன்னவர் பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராயிருந்த நசீர் அகமது. 1972-இல் அவர் ஆராய்ச்சி நிதி கேட்டபோது, யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் எழுத, பணம் கிடைக்கவில்லை. மாணவர் டி. நடராஜனோடும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த கே.ஆர். ராவோடும் சேர்ந்து 1974-இல் அதை வெளியிட்டார். படத்தின் ஒரு சிறு பகுதியை மெதுவாக மாறும் அலைகளாகவும் வேகமாக மாறும் அலைகளாகவும் பிரிக்கும் கணக்கு அது. 1992-இல் ஏற்கப்பட்ட ஜேபெக்கின் உயிர் இதில் இருக்கிறது. 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டம் ஒவ்வொன்றையும் இப்படிப் பிரித்து, கண் கவனிக்காத நுண்ணலைகளைக் கழித்துவிடுகிறது. வெளிச்ச வேறுபாட்டை நம் கண் கூர்மையாகப் பிடிக்கும், நிற வேறுபாட்டில் அவ்வளவு கறார் காட்டாது. அதனால் நிறத்தைப் பெரும்பாலும் பாதி நுணுக்கத்தில் வைத்தாலே போதுமாகிறது. கழித்தது திரும்ப வராது. ஜேபெக்கைத் திறந்து திருத்தித் திருத்திச் சேமித்தால் எழுத்துகளின் ஓரத்தில் கொசு மொய்த்ததுபோல் புள்ளிகள் சேர்வது இதனால்தான்.

இதற்கிடையே ஜிஃப் உலகைச் சுற்றத் தொடங்கியிருந்தது. 1987-இல் அமெரிக்காவின் கம்ப்யூசெர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் குழு அதை உருவாக்கியது. மோடம் ஆமை வேகத்தில் நகர்ந்த காலம். 256 நிறம் போதும், கோப்பு சிறிதாக இருந்தால் சரி என்பது நிலை. சுருக்கும் முறையை டெர்ரி வெல்ச் 1984-இல் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்தார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த லெம்பெல், சிவ் இருவரின் முறையை அவர் மெருகேற்றியிருந்தார். அதற்குக் காப்புரிமை கேட்டிருந்த விஷயம் கம்ப்யூசெர்வுக்குத் தெரியாது. உரிமை யூனிசிஸ் நிறுவனத்தின் கைக்கு வந்து, ஜிஃப் மென்பொருள் எழுதுகிறவர்கள் பணம் கட்ட வேண்டும் என்று 1994 டிசம்பர் இறுதியில் அறிவிப்பு வந்தது.

கொதித்துப்போனார்கள் நிரலாளர்கள். 1995 ஜனவரி 4 அன்றே தாமஸ் பூட்டெல் ஒரு மாற்று வடிவத்தை முன்வைத்தார். முகம் பார்த்திராத பலர் சேர்ந்து செதுக்க, பிஎன்ஜி பிறந்தது. அவர்கள் எவ்வளவு பட்டறிவோடு வேலை செய்தார்கள் என்பதற்கு அந்தக் கோப்பின் முதல் எட்டு எண்களே சாட்சி: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவில் வரும் 80, 78, 71 மூன்றும் பி, என், ஜி எழுத்துகள். 137 எதற்கு? எட்டாவது பிட்டை உதிர்த்துவிடும் பழைய இணைப்பு வழியே கோப்பு வந்திருந்தால் அது 9 ஆகிவிடும். 13, 10 வரிமுடிவுக் குறிகள். இடையில் ஏதாவது கணினி அவற்றை ‘திருத்தி’யிருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். மூன்றே எண்களில் இவ்வளவு காவல்! நன்றாகச் செய்த வேலை என்றால் இதுதான். அமெரிக்காவில் யூனிசிஸின் அந்தக் காப்புரிமை 2003-இல் காலாவதியானது. ஆடும் படங்களை வைத்து ஜிஃப் பிழைத்துக்கொண்டது.

நிறத்துக்கு வருவோம். 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும், அன்றைய சாதாரணக் கணினித் திரை காட்டக்கூடிய நிறங்களை அளவாக வைத்து எஸ்ஆர்ஜிபியை முன்மொழிந்தன. அச்சுக்காரர்களுக்கு அது போதவில்லை. அச்சில் வரும் சில பச்சை-நீலங்கள் அதற்குள் அடங்கா. 1998-இல் ஃபோட்டோஷாப் 5 வெளிவந்தபோது, தொலைக்காட்சித் தரம் ஒன்றின் ஆவணத்திலிருந்து எடுத்த பெரிய நிறவெளியையும் அடோபி சேர்த்தது. எடுத்த எண்கள் அந்தத் தரத்துடையவை அல்ல. பின்னிணைப்பில் இலட்சிய அளவாகக் குறிப்பிட்டிருந்தவை. பெயர்த்தெழுதும்போது சிவப்பின் எண்ணிலும் ஒரு பிழை. தெரியவந்து திருத்தலாம் என்று பார்த்தால், பயனர்களுக்கு அது பிடித்துப்போயிருந்தது. அச்சுக்கு அத்தனை பொருத்தம். தப்பை அப்படியே வைத்துப் பெயரை மட்டும் மாற்றினார்கள்: அடோபி ஆர்ஜிபி 1998.

அந்தத் தப்பான சிவப்பு இன்று கேமரா மெனுக்களில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்துப் படமெடுத்தால் கோப்பின் பெயர் அடிக்கோட்டில் தொடங்கும். கேனானில் ஐஎம்ஜி என்று வர வேண்டியது, ஐ போய் அடிக்கோடும் எம்ஜியுமாக வரும். நிற விவரத்தைப் படிக்காத செயலி எதிலாவது அந்தப் படத்தைத் திறந்தால் அதே எண்களை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும், முகங்கள் சோகை பிடித்ததுபோல் வெளிறும். எனவே இணையத்துக்கு அனுப்புமுன் ஃபோட்டோஷாப்பில் ‘கன்வர்ட் டு ப்ரொஃபைல்’ போய் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்ற வேண்டும். பக்கத்திலிருக்கும் ‘அசைன் ப்ரொஃபைல்’ பக்கம் போகக் கூடாது. அது எண்களைத் தொடாமல் அவற்றின் பொருளை மட்டும் மாற்றும், அதே வெளிறல் நிரந்தரமாகிவிடும்.