மூடிய பெட்டியும் ஒரு கையொப்பமும்

போரில் மாண்ட மகனின் உடல் என்று, முத்திரையிட்ட பெட்டியொன்று கிராமத்துக்கு வருகிறது. பார்வையற்ற தந்தை வன்னிஹாமி நம்ப மறுக்கிறார். நட்டஈட்டுப் பத்திரத்தில் கையொப்பமிட்டால் மகன் இறந்தது உறுதியாகிவிடும், அவர் இடவில்லை. பிரசன்ன விதானகே 1997 இல் எடுத்த 'புரஹந்த களுவர' என்ற சிங்களப் படத்தின் கதை இது.

ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் பணம் கொடுத்தது. தந்தையாக ஜோ அபேவிக்ரம நடித்தார். 2000 இல், ஆனையிறவு வீழ்ந்த சில மாதங்களில், அரசு திரையிடலைத் தடுத்தது. விதானகே உயர் நீதிமன்றம் சென்றார். 2001 இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

வினாயகபுரத்தில் படிப்பிக்கும் எனக்கு இது அயல்மொழிப் படமாகத் தோன்றவில்லை. எங்கள் கரையோரத்தில் 1990 இல் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்குப் பெட்டிகூட வரவில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிப்பணம் கிடைக்கும் என்றார்கள். எடுக்க மனம் வராதவர்களை நான் அறிவேன். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற்போனவர் என்றே சான்று வழங்கும் சட்டம் 2016 இல்தான் வந்தது.

கடைசியில் வன்னிஹாமி புதைகுழியைத் தோண்டுகிறார். பெட்டியில் மகன் இல்லை. தோண்டிப் பார்க்க ஒரு குழியாவது அவருக்கு இருந்தது.